எந்த ஊர் வண்டி

எங்கள் வாசலில் நிற்கும் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. வண்டியின் மேல் குற்றமில்லை. இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. அதை வாங்கிய விதமும், விற்றவன் பேசிய பேச்சும், எல்லாவற்றுக்கும் மேலாக நான் நடந்துகொண்ட லட்சணமும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். அது இடது கண்வரை போய், உள்ளே ரத்தம் கசியத் தொடங்கியது. வேலூரில் ஒரு கண் மருத்துவமனையில் மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே போட வேண்டும், விட்டுவிட்டால் பார்வை போய்விடும் என்று சொன்னார்கள். நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி. அங்கிருந்து வேலூருக்கு வளைவு வளைவாக இறங்கிப் போளூர் போய், கண்ணமங்கலம் தாண்டிப் போக வேண்டும். அவளுக்கு டீசல் வாடை ஆகவே ஆகாது. முதல் ஊசிக்கு வாடகை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வளைவில் ஆரம்பித்த வாந்தி போளூர் வரை நிற்கவில்லை. "இப்படி முக்கி முக்கி வாந்தி எடுத்தா கண்ணுல திரும்பவும் ரத்தம் கசியும், பாத்துக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது. மலைப் பிள்ளைகளின் அரசு விடுதியில் காப்பாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். கையில் கொஞ்சம் இருந்தது. மனைவியின் தம்பி டிராக்டர் வைத்து ஓட்டுகிறவன், வண்டி வாகனம் தெரிந்தவன். திருப்பத்தூரிலேயே நம் நாட்டில் செய்த மின்சாரக் கார் கிடைக்கிறது என்று அவன்தான் விசாரித்துவிட்டு வந்து சொன்னான்.

"இங்க செஞ்ச வண்டின்னா ஒரு சாமான் போச்சுன்னாலும் நாலு நாள்ல வந்துடும் மாமா. அது போதும் நமக்கு" என்றான்.

எனக்குப் போதவில்லை. அந்தக் காரை எங்கள் பக்கத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் ஏற்கெனவே வைத்திருந்தார். நான் முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன், அவரிடம் இருப்பதையே வாங்கவா என்று ஒரு நினைப்பு. மனைவியின் கண்ணுக்காகக் கார் வாங்கப் போனவனுக்கு ஊரார் கண் எதற்கு? இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

பெங்களூரில் வெளிநாட்டு மின்சாரக் கார்களைப் பழையதாக விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக் கட்டிடம், காபி கொடுத்தார்கள். எங்கள் மலையில் உழவு மாடு வாங்கப் போனால், எந்த ஊர் மாடு என்று கேட்காமல் கயிற்றைத் தொடமாட்டோம். கீழ்நாட்டில் பிறந்த மாடு மேட்டில் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது: "இது எங்க செஞ்சதுங்க?"

விற்பனைக்காரன் காரின் முன்னால் இருந்த சின்னத்தை உள்ளங்கையால் தட்டினான். "இதைப் பாத்துமா கேக்கறீங்க? ஜெர்மன் கார் சார். ஃபுல்லா இம்போர்ட். கப்பல்ல முழுசா வந்து இறங்கினது."

நான் கேட்டது எங்கே செய்தது என்று. அவன் சொன்னது யாருடைய சின்னம் என்று. மாட்டுத் தரகன் இப்படி நழுவியிருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். இவனிடம் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினேன். கார் வாசனையாக வேறு இருந்தது.

எங்கள் ஊருக்குள் எந்த வண்டி வந்தாலும், டிராக்டரோ மோட்டார் சைக்கிளோ, முதலில் வேடியப்பன் கோயிலுக்குத்தான் போகும். வண்டியில் எழுத்தும் எண்ணும் எங்கெங்கே தெரிகிறதோ அங்கெல்லாம் பூசாரி சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைப்பார். நம்பர் பிளேட்டை மட்டும் போலீசுக்குப் பயந்து ஓரத்தில் ஒரு பொட்டோடு விட்டுவிடுவார். அப்பிய சந்தனம் தானாக உதிர வேண்டும். யாராவது சுரண்டினால் வண்டி காவு கேட்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பூசாரி என் காரின் நாலு கதவையும் திறந்து பார்த்துத் தேடித் தேடி அப்பினார். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணோரத்தில் பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதன்மேல் ஒரு கை நிறைய. நான் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறைகூடப் படித்ததில்லை.

நாலு மாதம் குறையில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு அவள் முன் சீட்டில் தூங்கிக்கொண்டே வேலூர் வந்தாள். வாந்தி இல்லை. ஊசி வேலை செய்தது. சாமை அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். டீக்கடையில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "ஜெர்மனியில செஞ்சது" என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் குரல் இப்போதும் என் காதில் விழுகிறது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வரலாம் போல இருக்கிறது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மதியம் கார் சார்ஜில் இருக்கும்போது இடி விழுந்தது. வீட்டில் இரண்டு பல்பு போனது. காரில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் உள்பெட்டி எரிந்துபோனது. பெங்களூர் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். காரை இறக்கிக் கொண்டுபோக வேண்டாம், புதுப் பெட்டி வந்ததும் ஆளையே மலைக்கு அனுப்புகிறோம் என்றான். ஒன்று மட்டும் கேட்டான்.

"டிரைவர் கதவுப் பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும் சார். அதுல பதினேழு எழுத்துல ஒரு நம்பர். அதை போட்டோ எடுத்து அனுப்புங்க. வண்டி எந்த ஃபேக்டரியில செஞ்சதுன்னு அதை வெச்சுத்தான் தெரியும்."

போய்ப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து ஓடு போல ஒட்டியிருந்தது. ஆர்.சி. புத்தகம் பெயர் மாற்றத்துக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. செல்போனில் காட்டும் ஆர்.சி.யில் பாதி நம்பரை மறைத்துத்தான் காட்டினார்கள்.

மனைவி பின்னால் வந்து நின்றாள். "நகத்தால லேசா சொரண்டிப் பாத்துடுங்களேன். சாமி இன்னா கோவிச்சுக்கவா போவுது?"

"நீ சும்மா இரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா?" என்றேன்.

பையனுக்குத் திரும்பப் போன் செய்து, ஜெர்மனியில் செய்த வண்டிதான், சந்தேகமே வேண்டாம் என்றேன். "ஷ்யூரா சார்? நம்பர் இருந்தா நல்லது" என்று இழுத்தான். "நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்று குரலை உயர்த்தினேன். அடங்கிவிட்டான். விடுதியில் பிள்ளைகளை அதட்டி அதட்டி வளர்ந்த தொண்டை, அதற்கு மட்டும் குறைச்சலில்லை.

ஊசிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பெட்டி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மருத்துவமனையில் சொல்லித் தேதியைத் தள்ளிப் போட்டேன்.

"பஸ்லயே போய்ட்டு வந்துடலாங்க. எலுமிச்சம்பழம் வெச்சுக்கறேன்" என்றாள்.

"வாந்தி எடுத்தா கண்ணு போயிடும்னு சொன்னாங்களே, மறந்துட்டியா? வூட்டுலயே வண்டி இருக்கு. மூணு வாரந்தானே" என்றேன். பாதி பயம், பாதி வீம்பு. அத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டு, அந்தக் காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, டீக்கடைக்கு எதிரே எங்கள் வாசலிலேயே பஸ்ஸுக்கு நிற்பதா என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. அவளிடம் சொன்னது பயத்தை மட்டும்.

மூன்று வாரம் ஐந்து வாரமானது. ஆள் வந்தான். பெட்டியை எடுத்து வைத்தான், கழற்றினான், மறுபடி வைத்தான். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தான். கதவைத் திறந்து, சந்தனத்தைப் பார்த்து, என்னைக் கேட்காமலே ஸ்க்ரூ டிரைவரால் ஒரே சுரண்டு. பொடிப்பொடியாக விழுந்தது.

"எல்-னு ஆரம்பிக்குது சார். இது சீனாவுல செஞ்ச வண்டி. ஜெர்மனி வண்டின்னா டபிள்யூல வரும். இதே மாடலை ரெண்டு எடத்துலயும் செய்யறாங்க. வெளிய பாத்தா வித்தியாசமே தெரியாது, உள்ள கனெக்டர் எல்லாம் வேற. இந்தப் பெட்டி சேராது."

சீனாவில் செய்ததில் எனக்கு என்ன வந்தது? அங்கே செய்தது என்று தெரிந்திருந்தால் முதல் நாளே அங்கிருந்து சரியான பெட்டியைக் கேட்டிருப்பார்கள். விற்றவனுக்குப் போன் செய்து கத்தினேன்.

"பிராண்டு ஜெர்மன்தானே சார்?" என்றான் அவன், நிதானமாக. "எங்க செஞ்சா என்ன? உங்க கையில இருக்கற போன்கூட எங்க செஞ்சதுன்னு பாத்தா வாங்கினீங்க?"

அவனுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். மென்று முழுங்கியிருக்கிறான். சின்னத்துக்கு ஒரு விலை, ஃபேக்டரிக்கு ஒரு விலை என்று இரண்டு இருக்கிறது, வாங்குகிறவனிடம் பெரியதைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர்கள் தொழில். அந்தக் காபியும் அந்தக் கண்ணாடிக் கட்டிடமும்! போனை வைத்த பிறகும் காது கூசியது.

சரியான பெட்டி சீனாவிலிருந்து கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் ஏதோ காகிதம் சரியில்லை என்று உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் என்றார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடுத்த வாரம்தான். நானும் ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியைத் தள்ளினேன். எதிர்முனையில் பேசிய பெண் ஒரு கட்டத்தில் காரணம் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு காலையில் மனைவி எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். சொம்பு சாய்ந்து, டம்ளருக்கு இடப்பக்கம் தரையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஊற்றி முடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளினாள். காலி டம்ளர்.

மறுநாள் மச்சான் வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கெளம்புக்கா" என்று அவளைப் பஸ்ஸில் ஏற்றினான். நான் பின்னாலேயே ஏறினேன். முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். நாலாவது வளைவில் ஒரே ஒரு தடவை வாந்தி. வாயைக் கொப்பளித்துவிட்டு, "அவ்ளோதாங்க" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் மூன்று மாதம் உட்கார வைத்திருந்தேன்.

டாக்டரம்மா விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். "மூணு ஊசி விட்டிருக்கீங்க. ஏன்?"

"வண்டி ரிப்பேருங்க. சாமான் வெளிநாட்டுல இருந்து வரணும்..."

"உங்க ஊருக்குப் பஸ் இல்லையா?"

இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கும். தினமும் காலையில் ஹார்ன் அடித்துவிட்டுப் போகும். மச்சான் தலையைத் திருப்பிக்கொண்டான். இடது கண் இனி திரும்பாது, வலது கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. நான் எழுந்து வெளியே போய் வராந்தாக் குழாயடியில் வாந்தி எடுத்தேன்.

பெட்டி அதற்கடுத்த மாதம் வந்தது. அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று ஜமுனாமரத்தூர் வரை போய்த் திரும்பினேன். வீட்டு வாசலுக்குள் திருப்பும்போது அவள் களத்தில் சாமையைத் துழாவிக்கொண்டிருந்தாள், பார்வை போன இடது பக்கம் காருக்கு நேராக. நிமிர்ந்து ஒரு எட்டு எடுத்து வைத்தாள், நேராகச் சக்கரத்துக்கு முன்னால். பிரேக்கை மிதித்தேன். கார் அவள் புடவையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாத கார். அவள் தலையை முழுசாகத் திருப்பித் திருப்பித் தேடி, வலது கண்ணால் என்னைக் கண்டுபிடித்தாள்.

"வந்துட்டீங்களா? எப்ப வந்தீங்க?"

என்னால் ஸ்டியரிங்கை விட முடியவில்லை. அவள் கண்ணாடியில் தட்டினாள். "இனிமே உள்ள வரும்போது ஹார்ன் அடிச்சிட்டு வாங்க. நான் ஒதுங்கிக்கறேன்" என்றாள், சாதாரணமாக.

அடிக்கிறேன். என் வீட்டுக்குள் நுழைய, என் பெண்டாட்டி ஒதுங்குவதற்கு, ஒவ்வொரு நாளும் அடிக்கிறேன்.