நீங்களெண்டா என்ன செய்வீங்கள்?

ஆரணியில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் இளஞ்சிவப்பாக வரத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதற்கு அடியில் போகிற பழைய குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்க வேண்டும். ஒரு நாள் ரோஜா நிறம், ஒரு நாள் லேசான பச்சை. பல் துலக்கிவிட்டுத் துப்பிய தண்ணீரைப் பார்த்து ரத்தமென்று அலறினாள் என் பெண். அன்றைக்குத்தான் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தண்ணீர் ஆபீசுக்குப் போவதென்று முடிவானது. அங்கே பேச வேண்டியவள் நான். வீட்டில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன் என்பதால், ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி என்று எங்கே வாய் திறக்க வேண்டியிருந்தாலும் தெருக்காரர்கள் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

எனக்கு அதுவும் போதாமல் இன்னொரு வேலை இருந்தது. உலகத்தில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் படுத்திருப்பார். அங்குள்ள நர்சுக்குத் தமிழ் தெரியாது. அப்போது என் போன் அடிக்கும். அவர் சொல்வதை நான் இங்கிலீஷில் நர்சுக்குச் சொல்ல வேண்டும். நர்ஸ் சொல்வதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பல நாடுகளில் இருக்கிறவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்கிற காரியம் அது. என் தம்பி வெளிநாட்டில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கிடந்தபோது, எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூட அவனுக்கு அந்த ஊர்ப் பாஷை வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த யாரோ ஒரு மலையாளி கால் கட்டுடன் எழுந்து உட்கார்ந்து அவனுக்காகப் பேசியிருக்கிறார். தம்பி நல்லபடியாகத் திரும்பிவந்து இங்கே பக்கத்தில் சந்தவாசலில் கடை வைத்துவிட்டான். ஆனால் அந்த மலையாளியை நினைத்தால் என்னால் சும்மா உட்கார முடியாது. அப்படித்தான் சேர்ந்தேன்.

ஆபீசுக்குப் போக வேண்டிய அதே சனிக்கிழமை மூன்று மணிக்கு என் பெண்ணுக்குப் பள்ளி மைதானத்தில் கோ-கோ போட்டி. ஒன்பதாவது படிக்கிறாள். டீமில் முதல் தடவையாக எடுத்திருந்தார்கள்.

"கண்டிப்பா வருவியாம்மா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வந்துடுவேன்டி. ஆபீஸ்ல என்னா, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

தறியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நூல் ஓடும் நாடாவைத் தட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார். "நீ வூட்ல இருக்கும்போதே இருக்கிற மாதிரி தெரியல. போனைப் பாத்துகினே சோறு போடற. அவளுக்காவது இன்னிக்கு ஒரு நாள் போய் நில்லு."

"போறேன்னுதான சொல்லிகினு இருக்கேன்," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தறிச் சத்தம் மட்டும் தொடர்ந்தது.

தண்ணீர் ஆபீஸ் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தோம். ஆளுக்கொரு பாட்டிலில் அந்தச் சிவப்புத் தண்ணீர். எதிர்வீட்டு அக்கா மட்டும் ஒரு சின்னக் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி ஒரு கூட்டத்தில் இருந்தார், முடிந்ததும் கூப்பிடுவார் என்றார்கள். நான் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன். என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பேச்சு பாதியில் நின்று, கோ-கோ மைதானம் வந்தது. பிறகு காலையில் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தது வந்தது. அப்போது போன் அடித்தது.

எடுக்காமல் விட்டிருக்கலாம். நான் எடுக்கவில்லையென்றால் வேறொருவருக்குப் போகும். ஆனால் தமிழுக்கு எங்கள் கூட்டத்தில் ஆட்கள் குறைவு. சனிக்கிழமைகளில் இன்னும் குறைவு. மாடிப் படிக்கட்டுக்குப் போய் நின்று எடுத்தேன்.

குளிர்நாடு ஒன்றின் பிரசவ வார்டு. அங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை. நர்ஸின் இங்கிலீஷ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் முனகுகிற சத்தம்.

"வணக்கம்மா, நான் தமிழ்ல பேசறேன். நீங்க சொல்றத அப்படியே நர்சுக்குச் சொல்றேன். அவங்க சொல்றத உங்களுக்குச் சொல்றேன்," என்றேன்.

"அக்கா, எனக்குச் சத்தி வருது. அவவிட்டச் சொல்லுங்கோ."

இலங்கைத் தமிழ். சக்தி வருகிறது என்கிறாளா? பிரசவ வலியில் இருக்கிறவள் தெம்பு வருகிறது என்றால் நல்லதுதானே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் குரலில் தெம்பு இல்லை.

"சத்தின்னா என்னாம்மா?"

"சத்தியெண்டாச் சத்திதான்! ஓங்காளிக்குது!"

வாந்தி. உடனே சொன்னேன். பாத்திரம் கொண்டுவரும் சத்தம் கேட்டது. எங்கள் தமிழும் அவள் தமிழும் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் திருப்பிக் கேட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் வந்தார். நர்ஸின் பேச்சு வேகமாகிவிட்டது. நான் தமிழில் சொன்னேன். "குழந்தையோட இதயத் துடிப்பு கொறஞ்சிகினே வருதாம்மா. இனி காத்திருக்க முடியாது, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. உங்க சம்மதம் கேக்கறாங்க."

அப்போது பின்னால் யாரோ படியேறி வருகிற சத்தம். எதிர்வீட்டு அக்கா. "அய்ய, கூப்புட்டாங்க, ஜல்தி வா! எல்லாரும் உள்ள போய் முழிச்சிகினு நிக்கறாங்க." நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நான் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டார்.

"வெட்டியோ எடுக்கப் போகினம்?" என்றாள் அந்தப் பெண். "மனுசன் வேலைக்குப் போயிட்டார். போனும் எடுக்கிறாரில்லை. நான் ஒருத்தரும் இல்லாமல் என்னெண்டு சொல்லுறது?"

சொன்னேன். இன்னும் சில நிமிடம்தான் பொறுக்க முடியும் என்றார் டாக்டர். அதையும் சொன்னேன். மூச்சிரைப்புக்கு நடுவில் அவள் கேட்டாள்.

"அக்கா, நீங்களெண்டா என்ன செய்வீங்கள்?"

நாங்கள் அறிவுரை சொல்லக் கூடாது. சேரும்போதே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு பக்கத்துப் பேச்சையும் சுமந்துபோகிற ஆள், அவ்வளவுதான். என்னிடம் ஒன்று கேட்டால் அதையும் மொழிபெயர்த்து அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். அப்படியே செய்தேன். "நீ என்ன செய்வாய் என்று என்னைக் கேட்கிறாள்," என்று நர்ஸிடம் சொன்னேன். நர்ஸ் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் எந்த மொழியில் பெயர்ப்பது?

"அக்கா, நிக்கிறீங்களோ?"

"நிக்கறேம்மா," என்றேன். "நானா இருந்தா சரின்னு சொல்லிடுவேன். எம்பொண்ணும் ஆபரேஷன்லதான் பொறந்தா. வேலூர்ல. நல்லா இருக்கா. இன்னிக்கு விளையாடப் போறா."

பிறகு, நான் சொன்ன எல்லாவற்றையும் இங்கிலீஷில் நர்ஸிடமும் சொன்னேன். மறைக்கவில்லை.

அந்தப் பெண் "ஓம்" என்றாள். சரி என்பதற்கு அவர்கள் சொல். கட்டில் உருளுகிற சத்தம் கேட்டது. நர்ஸ் நன்றி சொன்னார். தொடர்பு அறுந்தது.

திரும்பினேன். எதிர்வீட்டு அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். "என்னாச்சு?" என்றார் மெல்ல. "தெரியலக்கா," என்றேன். அவர் முகம் மாறியது. "நம்ம கொழாயில சாயத் தண்ணி வருது. உள்ள பேச ஆளில்லாம நிக்கறாங்க. நீ எந்தத் தேசத்துக்காரிக்கோ பிரசவம் பாத்துகினு இருக்க." கோபமாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அவர் அதிகாரியின் மேஜைமேல் குடத்தை வைத்துவிட்டிருந்தார். "நீங்களே ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க சார்" என்று அவர் சொன்னதுதான் வாசலில் எனக்குக் கேட்டது. அதிகாரி நல்ல மனிதர். கோபப்படவில்லை. "நேர்ல பாத்துட்டுப் பேசலாம், வாங்க" என்று எழுந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சுக்கு வேலையே இருக்கவில்லை.

அவர் எங்கள் தெருவுக்கு வந்து, கால்வாயைப் பார்த்து, ஆட்களைக் கூப்பிட்டுத் தோண்டச் சொல்லி, எந்த இடத்தில் விரிசல் என்று கண்டுபிடிக்கும்வரை நான் நகர முடியவில்லை. பள்ளி மைதானத்துக்குப் போனபோது சுண்ணாம்புக் கோடுகளின்மேல் காலடித் தடங்கள் மட்டும் இருந்தன. கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என் பெண் ஒரு தோழியின் அம்மாவோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். ஜெயித்திருந்தார்கள். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, அப்பாவுக்குத்தான் சொல்லியிருந்தாள்.

நடந்ததை, போனில் மொழிபெயர்க்கும் எங்கள் கூட்டத்தின் பொறுப்பாளருக்கு எழுதினேன். அவர் எங்கோ ஒரு தீவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ். பதில் அன்பாகத்தான் வந்தது, ஆனால் உறுதியாக. நீ சொன்னது அவள் முடிவை மாற்றியிருக்கலாம். அது உன் வேலையல்ல. கொஞ்ச நாள் அழைப்புகள் எடுக்க வேண்டாம், மறுபடி பயிற்சி எடுத்துக்கொண்டு வா. தாய்க்கும் குழந்தைக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதை யாருக்கும் சொல்வதற்கில்லை என்றார்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். தறியை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு கேட்டுச்சு. கேட்டா பதில் சொல்லாம எப்படி?" என்றார். போனைத் திட்டிக்கொண்டே இருந்தவர் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஆனா அந்தப் பொறுப்பாளர் அம்மா சொல்றதும் சரிதான்," என்று கொஞ்சம் கழித்துச் சேர்த்தார். எனக்கும் இரண்டும் சரியென்றுதான் பட்டது. அதனால்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

புதுக் குழாய் போட்டார்கள். தண்ணீர் தெளிந்தது. போன் சும்மா இருந்தது. நான்தான் சும்மா இருக்கவில்லை. அரிசி களையும்போது கைநிறைய அரிசியை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பேன். டியூஷன் பிள்ளைகள் ஒரே வரியை இரண்டு முறை படிப்பார்கள், நான் கவனிக்கிறேனா என்று பார்க்க. குழாயடியில் பார்க்கும்போதெல்லாம் எதிர்வீட்டு அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அந்தப் பொண்ணுக்கு என்னா கொழந்த பொறந்துச்சு? ஏதாவது தெரிஞ்சுதா?" இல்லையென்பேன். "பேஜாரா கீதுமா," என்பார். "ஆணோ பொண்ணோ, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா என்னா?"

பயிற்சி முடிந்து மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அதே வாரம் தேவிகாபுரத்தில் என் பெண்ணுக்கு அடுத்த போட்டி. இந்தத் தடவை அவள் கூப்பிடவில்லை. நானாகத்தான் கிளம்பினேன். பஸ் ஏறும்போதே போனை அணைத்துப் பையில் போட்டேன். கோயில் கோபுரம் தெரிகிற மைதானத்தில் வெயிலில் நின்றேன். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து சிட்டாகப் பாய்ந்து ஒரு பெண்ணைத் தொட்டபோது நான் கத்தியதில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கடைசியில் தோற்றுத்தான் போனார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள். "நீ வந்தது நல்லா இருந்துச்சும்மா. ஆனா கடைசி வரைக்கும் உன் கை அந்தப் பைமேலயே இருந்துச்சு."

நான் குனிந்து பார்த்தேன். அப்போதும் அங்கேதான் இருந்தது.

"சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டுதான்டி வந்தேன்."

"தெரியும். அது தெரியும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு என்னைப் பத்திக் கேட்டுச்சாம்மா? எதிர்வீட்டு அத்த சொன்னாங்க, நீ என்னைப் பத்திப் பேசினன்னு."

"கேக்கல. நானாத்தான் சொன்னேன். இன்னிக்கு விளையாடப் போறான்னு."

ஆரணி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் தலை நழுவாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.