பட்டுச்சேலைக்கு மேல் ஒரு கோட்டு

நல்லூரில் எங்கள் வீதிக்கு நாடகக்காரர்கள் வந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சென்னைக் குழு. லாப நோக்கம் இல்லாதவர்களாம். பழைய பெரிய நாடகங்களை எங்களைப் போன்றவர்கள் குடியிருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து இலவசமாகப் போடுவார்களாம். நல்ல காரியம்தானே என்று நானும் நாற்காலி தூக்கிப் போட்டேன்.

நான் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். என் மனைவிக்கு அங்கேயே செக்கிங் வேலை. நாடகத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மத்தியானம், எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் வீதிப் பெண்கள் ஆளுக்கொரு சேலையோடு என் டேபிளுக்கு வந்துவிட்டார்கள். சோறுகூடத் தின்னாமல் தேய்த்துக் கொடுத்தேன். என் மனைவியின் கல்யாணப் பட்டைக் கடைசியாக எடுத்து, மேலே மெல்லிய துணி விரித்துப் பதமாகத் தேய்த்தேன். "முன்னாடி சேர்ல உக்காந்து பாக்கோணுமுங்க" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஆசை அவ்வளவுதான்.

ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் தலைநிறையப் பூவோடு வந்து உட்கார்ந்தார்கள். என் மனைவி முன்வரிசையில். நாடக இயக்குநர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போனது. உடனே ஒரு மூட்டையைப் பிரித்தார்கள். உள்ளே எங்கள் கம்பெனியின் நீலக் கோட்டுகள். வேலை நேரத்தில் பெண்கள் மாட்டிக்கொள்வது. மேனேஜரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"அக்கா, எல்லாரும் இதைப் போட்டுக்குங்க. ஃபோட்டோவுக்குத்தான். நாடகம் முடியிற வரைக்கும் எடுப்போம். எங்க குழுவுக்குப் பண உதவி பண்றவங்களுக்கு அனுப்பணும். பட்டுச்சேலையில இருந்தா தொழிலாளிங்கன்னு எப்படி நம்புவாங்க?" என்றார் இயக்குநர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பட்டு கட்டினால் தொழிலாளி இல்லாமல் போய்விடுவாளா? அந்தப் பட்டே இந்த வேலையில் வந்ததுதானே! ஆனால் மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒவ்வொருத்தியாக மாட்டிக்கொண்டார்கள். என் மனைவியும் மாட்டினாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

கேமராக்காரர் அவளிடம் வந்து, "இன்னும் கொஞ்சம் களைப்பா இருங்கக்கா" என்றார்.

அவள் எழுந்தாள். கோட்டைக் கழற்றி, பேக்கிங்குக்கு மடிப்பதுபோல் மடித்து, இயக்குநர் கையில் கொடுத்தாள்.

"நாங்க நாடகம் பாக்க வந்தோமுங்க. நடிக்க வரலீங்க."

சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவள் நாற்காலியில் கோட்டு போட்ட வேறொருத்தியை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். மேனேஜர் எங்களையே முறைத்தார். முறைக்கட்டும் என்று நானும் முறைத்தேன்.

நாடகம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரம். மேடையில் ராணி பிள்ளையைப் பறிகொடுத்து அழுதபோது என் மனைவி பட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், முடியும்வரை நின்றபடியே. அதை எடுக்க ஒரு கேமராவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.