அது கற்பனை முகம் அல்ல

எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அப்படிப்பட்டவன்தான், விசா இல்லாமல் எங்கள் ஆட்கள் பொலிசுக்குப் பயந்து சுவரோரமாக நடந்த காலத்தில், பாரிஸில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் சொந்தக் கடை திறந்தேன். வங்கிக்காரன் சிரித்து அனுப்பினான், திறந்தேன். எலி ஓடிய நிலவறைக்கு என் கையால் சீமெந்து பூசி அரிசிக் கிடங்காக்கினேன். நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் வீடு வாங்கினேன். கூசேன்வில்லில் இருந்துகூட ரயிலேறி என்னிடம் மிளகாய்த்தூள் வாங்க வருகிறார்கள். இந்த வரிசையில் ஒரு முகத்தையும் சேர்க்க வேண்டும். இதே பாரிஸில் ஒரு கண்காட்சி மண்டபத்துச் சுவரில் அது தொங்குகிறது. அதில் பாதி நான் செய்தது.

மற்றப் பாதி ஒரு மெக்சிக்கோக்காரி. கடைக்குப் பின்னால் முற்றத்தில் இருந்த என் கொட்டிலை அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். என் தங்கையின் வயது இருக்கும். களிமண்ணில் சிலை செய்வாள். பலகையில் உளியால் செதுக்கி, மை தடவி, தாளில் படம் எடுப்பாள். அச்சு இயந்திரம் வாங்க வசதியில்லை. கரண்டியின் முதுகால் தாளைத் தேய்ப்பாள். தாள் கிழிவதைக் கண்டு, கடையில் இருந்த சிரட்டை அகப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு அவள் கரண்டியைத் தொடவில்லை.

2009 மே மாதத்துக்குப் பிறகு, வன்னியில் இருந்த என் தங்கையிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கடைசியாகப் பேசியபோது பின்னால் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. "அண்ணை, பிறகு எடுக்கிறன்" என்றாள். எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் எல்லோரும் தங்கள் ஆட்களின் படங்களை வைத்துக்கொண்டு, புதிதாக வந்திறங்கியவர்களிடம் காட்டித் தேடினார்கள். காட்ட என்னிடம் படம் இல்லை. களவாக ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் சொன்னபடி, கையில் இருந்த எல்லாவற்றையும் விமானத்திலேயே கிழித்துப்போட்டு வந்தவன் நான். ஊரில் இருந்த படங்கள் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

விசர் பிடித்தவன் போலக் கொட்டிலுக்குள் போனேன். அவளுடைய பிரெஞ்சும் என்னுடையதும் ஒரே நொண்டிதான். அதனால் பேச்சு சுலபம்.

"என் தங்கையின் முகத்தைச் செய்."

"நான் அவளைப் பார்த்ததில்லையே, முசியே."

"நான் சொல்லுகிறேன்."

சொல்லப் பார்த்தால், பின்னல் வருகிறது, காது வருகிறது, குரல் வருகிறது, மூக்கு வரவில்லை. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. இப்போது நாற்பதைத் தாண்டியவள். மெக்சிக்கோக்காரி கையைக் கழுவிவிட்டு வந்து என் முகத்தைத் தடவினாள். கன்னத்து எலும்பு, தாடை, கண்குழி. "எலும்பு ஒன்றுதானே. மீசை மறைக்கிறது" என்றாள்.

அன்றைக்கே வழித்தேன்.

"இஞ்சேருங்கோ, இதென்ன கோலம்?" என்றாள் மனைவி. "கடைக்கு வாற சனம் உங்களிட்டையே முதலாளி எங்கையெண்டு கேக்கப்போகுது."

"கேக்கட்டும்."

களிமண் முகம் முடிந்தபோது அதே மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "மச்சாள்தான்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள்.

அதைப் பார்த்து மெக்சிக்கோக்காரி பலகையில் செதுக்கினாள். முதல் தாளைத் தூக்கிக் காட்டினாள். தங்கையின் முகத்தைச் சுற்றிச் செவ்வந்திப் பூக்கள், மாலை போல.

"ஆர் உனக்குச் சொன்னது அவள் செத்துப்போனாளெண்டு?" தமிழில்தான் கத்தினேன். பிறகு பிரெஞ்சில் கேட்டேன்.

அவள் பயந்துபோனாள். போனவர்கள் வீடு திரும்ப வழி தெரிவதற்குத் தங்கள் நாட்டில் அந்தப் பூவைத்தான் போடுவார்கள் என்றாள். எங்களுக்குப் படத்தில் மாலை விழுந்தால் கதை முடிந்தது. பூ ஒன்றுதான்; அவள் கூப்பிடுகிறாள், நான் கொள்ளி வைக்கிறேன்.

"வெட்டி எடு."

"அது நல்ல வேலை, முசியே."

"வெட்டி எடு. இல்லையென்றால் பலகை அடுப்புக்குள் போகும்."

அகலமான உளியை எடுத்து ஒவ்வொரு பூவாகச் சீவினாள். கடைசி இதழ் போகும்வரை நான் நகரவில்லை. திரும்ப மை தடவி அகப்பையால் தேய்த்தாள். சீவிய இடத்தில் மை ஒட்டவில்லை: கறுப்பு முகம், சுற்றிலும் வெறும் வெள்ளை. அதை அவள் நெடுநேரம் பார்த்தபடி நின்றாள். அதற்குப் பிறகு அவள் செய்த படங்களில் எல்லாம் அந்த வெள்ளை இருக்கிறது. அதனால்தான் பேர் எடுத்தாள்.

நான் அந்தப் படத்தைக் கடைக் கதவில் ஒட்டினேன். வன்னியில் இருந்து வந்து உணவகத்தில் கோப்பை கழுவிய ஒருவர் அதன் முன்னால் நின்று பார்த்தார்.

"கண்டனீரோ?" என்று கேட்டேன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அங்கை கடைசியிலை எல்லாற்றை முகமும் இப்பிடித்தான் இருந்தது."

மெக்சிக்கோக்காரி பலகையோடு தன் நாட்டுக்குப் போனாள். சில வருடங்களில் நோயில் இறந்துபோனாள் என்று கேள்விப்பட்டேன். நல்ல மனுசி. இப்போது அவளுடைய வேலைகளை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மகளோடு போய்ப் பார்த்தேன். படத்தின் கீழே எழுதியிருந்ததை மகள் வாசித்துச் சொன்னாள்: பெயரில்லாத பெண், கற்பனை முகம், சுற்றியுள்ள வெறுமை கலைஞரின் மேதைமை.

பொறுப்பாக நின்ற பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, முசியே?" என்று மரியாதையாகக் கேட்டாள். என் கன்னத்து எலும்பைத் தொட்டுக் காட்டினேன். மகள் என் கையைப் பிடித்து, போவோம் பப்பா என்று பிரெஞ்சில் சொன்னாள்.

மேதைமை மெக்சிக்கோக்காரிக்கே இருக்கட்டும். ஆனால் கற்பனை முகத்தை ஒருவரும் தேடமாட்டார்கள். அந்த மண்டபத்துக்கு எத்தனையோ நாட்டுச் சனம் வருகிறது. என் தங்கையைக் கண்ட ஒருவர் வரமாட்டார் என்று யார் சொல்ல முடியும்? ஆகவே மண்டபத்துக்காரரைக் கேட்கிறேன், கெஞ்சவில்லை: அந்த வரியை எடுங்கள். இது இன்னாரின் தங்கை, தமையனின் வாயாலும் எலும்பாலும் செய்த முகம், மாலையை வெட்டச் சொன்னவனும் அவனே என்று எழுதுங்கள். என் பெயரைப் போடுங்கள். கீழே என் கடை விலாசத்தையும் போடுங்கள்.