டைகருக்கு விரித்த சாக்கு

லாரியில் அடிபட்ட எங்கள் நாய் டைகருக்கு ஒரு பின்னங்காலை எடுத்துவிட்டார்கள். கோவில்பட்டி மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்ததுமே, பக்கத்து வீட்டு அண்ணாச்சி என் கணவரிடம், "மூணு காலு நாயை வச்சு என்ன செய்யப் போறிய? ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிருங்க" என்றார்.

"கால் போனது அதுக்கு. உங்களுக்கு எங்கன வலிக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

சிமெண்டுத் தரையில் டைகர் வழுக்கி வழுக்கி விழுந்தது. சாக்கு விரித்தால் பிடிமானம் கிடைக்குமே என்று, மூலையில் கிடந்த ஒன்றை உதறாமல்கூட எடுத்து விரித்தேன். அதில் படுத்த கொஞ்ச நேரத்தில் அது போட்ட ஊளையில் தெருவே கூடிவிட்டது. தையல் போட்ட இடம் செக்கச்செவேலென்று இருந்தது.

"பாத்தியளா, அதுவே போறேங்குது" என்றார் அண்ணாச்சி. என் கணவரும் மனம் விட்டுப்போய், ஊசிக்குச் சொல்லச் சட்டையை மாட்டினார்.

டைகரைத் தூக்கக் குனிந்தேன். அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. விளாத்திகுளத்திலிருந்து மிளகாய் வத்தல் வந்த சாக்கு அது.

"ஏங்க, நில்லுங்க. அது சாகணும்னு அழலை, எரியுதுன்னு அழுது" என்றேன். கிளம்பியவர் டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் புண்ணைக் கழுவி மருந்து போட்டதும் ஊளை அடங்கியது.

இப்போது டைகர் மூன்று காலில் தெருவைச் சுற்றி வருகிறது. நான் எதை விரித்தாலும் முதலில் முகம் புதைத்து மோந்து பார்க்கிறேன். ஊசிக்கு யோசனை சொல்ல வருகிறவர்களை, வத்தல் சாக்கில் சற்று உட்கார்ந்துவிட்டுப் பேசச் சொல்கிறேன்.