புங்கங்கன்றின் நுனி

ஒத்தக்கடைக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனி வந்த புதிதில், பூங்காவுக்கென்று விட்டிருந்த இடம் முழுக்கக் கருவேலமுள்ளாகக் கிடந்தது. குடியிருந்தவர்கள் சேர்ந்து ஒரு பூங்கா சங்கம் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் முள் வெட்டினோம், நடக்கப் பாதை போட்டோம், கடைசியில் வீட்டுக்கு ஒரு புங்கங்கன்று நட்டோம். அவரவர் கன்றுக்கு அவரவர்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அடுத்தடுத்த குழி. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுவாள். எனக்கு அவளைப் பிடிக்காது. ஒரே காரணம்தான்: அவள் வைத்ததெல்லாம் தழைத்தது. அவள் வாசலில் கனகாம்பரம் பூத்துக் கொட்டும். அதே செடியில் நாற்று வாங்கி நான் வைத்தால் மூன்றாம் நாள் தலை தொங்கிவிடும். கைராசிக்காரி என்று தெருவே அவளைச் சொன்னது. படிப்பு எனக்கு, ராசி அவளுக்கா என்று எனக்கு வயிறு எரியும்.

கன்றிலும் அதே கதைதான். ஒரே அடிபம்பில்தான் இருவரும் குடம் பிடித்தோம். என்னுடையது இடுப்பளவு நின்றபோது அவளுடையது என் தலையைத் தாண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே கன்றோடு அவள் பாஷையில் ஏதோ பேசுவாள். என்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

"அக்கா, ஒங்களுதுக்கும் கொஞ்சம் சாணியக் கரைச்சு ஊத்தட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வேணாம். எனக்குத் தெரியும்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்துக்கு ஒரு சிமெண்டு பெஞ்சு கிடைத்தது. சிமெண்டு வாங்கவே பர்மிட் வேண்டியிருந்த காலம், இரண்டாவது பெஞ்சுக்கு வழியில்லை. இன்னும் இரண்டு கோடை போகட்டும், எந்த மரம் நல்ல நிழல் தருகிறதோ அதன் கீழே பெஞ்சைப் போட்டு, வளர்த்தவர் பெயரை எழுதுவோம் என்று தலைவர் சொல்லிவிட்டார். அந்தப் பெஞ்சில் என் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மாதிரி நான் நகைக்கும் புடவைக்கும்கூட ஆசைப்பட்டதில்லை.

தெருவே அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போயிருந்த காலை அது. தலைவலி என்று நான் போகவில்லை. பூங்காவுக்குப் போய், அவள் கன்றைச் சுற்றிக் கட்டியிருந்த முள்ளை விலக்கி, கன்றை வளைத்துப் பிடித்து, நுனியை நாலு விரல் நீளத்துக்கு ஒடித்தேன். ஒடித்ததைச் சாக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்தேன்.

திரும்பி வந்தவள் கன்றைப் பார்த்து அழுதேவிட்டாள். "ஆடு கடிச்சிருச்சுக்கா."

"இருக்கும்."

"இம்புட்டு ஒசரத்துக்கு ஆடு எப்புடி எட்டுச்சு?" என்றவள், என் முழங்கையைப் பார்த்தாள். "கையில என்னக்கா கீறல்?"

"பூனை பிராண்டிருச்சு" என்றேன். அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, ஒடித்த இடத்துக்குக் கீழே நாலு பக்கமும் கிளை வெடித்தது. நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை தழைக்கும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். இரண்டாவது கோடையில் என் மரம் ஒற்றைக் கம்பாக நெட்டையாக நின்றது. அவளுடையது குடை விரித்த மாதிரி இருந்தது. பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த நாலு விரல் நுனி ஞாபகம் வந்து என்னைத் தின்றது.

பெஞ்சு போட்ட அன்று, இம்புட்டு நிழல் எப்படி வந்தது என்று தலைவர் அவளைக் கேட்டார்.

"நான் என்னண்ணே செஞ்சேன்? ஒரு ஆடு வந்து கொழுந்தக் கடிச்சுட்டுப் போச்சு. அந்த ஆடு கண்ணுல பட்டா ஒரு கட்டு அகத்திக்கீரை குடுக்கணும்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெஞ்சில் பச்சைப் பெயிண்டில் அவள் பெயர் இன்னும் காயாமல் இருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை.

"இந்தாங்கக்கா. பொரியல் பண்ணுங்க."

முகத்தில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. எனக்குத்தான் காது வரை சுட்டது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். அவள் கொல்லையில் விளைந்த கீரை, கட்டு கைக்கு அடங்கவில்லை. அவள் விதை போட்ட அதே மாதம் என் கொல்லையில் நான் போட்ட அகத்தி விதை முளைக்கவே இல்லை.