கயாக்கில் போய் எஞ்சின் தேடிய நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், மழையே எட்டிப் பார்க்காத ஒரு கோடை. போடிமெட்டுக்கு அப்பால், என் நண்பரின் ஏலத்தோட்டத்தில் நடந்தது இது.

போடியில் கடை வைத்திருக்கும் எனக்கு மீன்பிடிப்பதில் பைத்தியம். கயாக் படகு ஒன்று வாங்கி, அதில் மீன் காட்டும் கருவியும் பொருத்தியிருந்தேன். அது படகின் இருபுறமும் ஒலி அலைகளை அனுப்பி, தண்ணீருக்கடியில் இருப்பதைத் திரையில் படமாகக் காட்டும். மீன் கூட்டம் அரிசி சிதறியதுபோலத் தெரியும்; மரக்கட்டை கிடந்தால் அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அந்தச் சமயத்தில்தான் நண்பரின் தோட்டத்துக் குளத்தில் மிதவை கவிழ்ந்து, அதன்மேல் வைத்திருந்த தண்ணீர் இறைக்கும் எஞ்சின் மூழ்கிவிட்டது. ஏலச்செடிகள் வாடிக்கொண்டிருந்தன. "ஒன் மெஷின வச்சுத் தேடிப் பாரேன் மாப்ளே" என்றார். கயாக்கை ஜீப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நடுக்குளத்தில் போகும்போது, திரையின் வலப்பக்கம் பளிச்சென்று ஒரு கட்டம். பின்னால் நீண்ட நிழல். எனக்கு ஒரே குஷி. படத்தை அப்படியே நிறுத்திவைத்து, கயாக்கைக் கரைப் பக்கம் திருப்பி, "வலது பக்கம், பதினைந்து அடி!" என்று கத்தினேன். தோட்டத் தொழிலாளி ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்கினார். வெறும் சேறுதான். கோடையிலும் மலைக்குளத்துத் தண்ணீர் ஜில்லென்றிருந்தது; மூன்றாம் முறை மேலே வந்தபோது குளிரில் நடுங்கி உதடெல்லாம் நீலம். நானோ, "அங்கதான் இருக்கு, நல்லாத் தேடுங்க" என்றேன்.

கரையில் கயிற்றைப் பிடித்திருந்த அவர் மனைவி குரல் கொடுத்தார்: "அண்ணே, அதப் பாக்கையில நீங்க மலையப் பாத்துப் போனீக. இப்ப எங்களப் பாத்து நிக்கிறீக. அப்ப வலது எதுண்ணே?"

எனக்குச் சுருக்கென்றது. நான் திரும்பிவிட்டேன், திரையில் நின்ற படம் திரும்பவில்லை. அந்த மனிதரை இவ்வளவு நேரம் தப்பான பக்கத்தில் முங்க வைத்திருக்கிறேன்!

அவரைக் கரையேற்றி, சூடாகப் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்து உட்கார வைத்தோம். நான் மறுபடி அந்த வழியே போய், சரியான இடத்தில் கல் கட்டிய கயிற்றை இறக்கி, மறுமுனையில் காலி கேனை மிதக்கவிட்டேன். போதும் என்று சொல்லியும் கேட்காமல் அவர் இறங்கினார். ஒரே முங்கு. எஞ்சினில் கயிற்றைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே மேலே வந்தார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "கெடச்சிருச்சுல்லண்ணே, விடுங்க" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. துண்டால் கணவரின் தலையைத் துவட்டி முடித்த பிறகு, "அந்தப் பெட்டியக் காட்டுங்கண்ணே, உள்ள என்னதான் தெரியுது பாப்போம்" என்று கேட்டு, வெகுநேரம் அதையே உற்றுப் பார்த்தார்.

குளத்தின் அடியில் கிடந்ததையெல்லாம் அத்தனை ஆவலாகப் பார்த்த எனக்கு, கண்ணெதிரே ஒருவர் குளிரில் நடுங்கியது கண்ணில் படவில்லையே என்பதுதான், இன்றும் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.