டாக்டர் பிராகிவே போட்ட பிச்சை

பொகோட்டாவில் கோட்டு மாட்டியவரெல்லாம் டாக்டர்தான். வங்கிக்காரர் டாக்டர், வக்கீல் டாக்டர், வக்கீலுக்குக் குடை பிடித்து வருபவரும் மழை விட்டதும் டாக்டர். இந்த அநியாயத்தை நினைத்து நாள்தோறும் மனம் நொந்தவர் அன்செல்மோ பிராகிவே. உருளைக்கிழங்கு வியாபாரியின் மகன். ஜெர்மனிக்குப் போய்ப் பல வருடம் பனியில் நடுங்கி, தத்துவத்தில் நிஜ டாக்டராகத் திரும்பியவர். பல்கலைக்கழகக் காவலாளி எல்லோரையும் போல அவரையும் 'டாக்டர்' என்றால், பாதிக் கூலி வாங்கியவர் மாதிரி முகம் சுளிப்பார்.

துறையில் அவரோடு சேர்த்து ஏழு பேராசிரியர்கள். ஏழு பேரும் அசல் டாக்டர்கள். மற்றவர்கள் எழுதியதை அவர் படித்ததில்லை. படிக்காமலே தெரியும் என்பார்.

அவருக்குப் பாக்கியிருந்த ஒரே ஆசை, துறைத்தலைவர் நாற்காலி. தேர்தல் வந்தது. ஏழு பேரில் யார் பெயரையும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். யார் ஜெயிப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அன்று மதியம் எல்லோரையும் வீட்டுக்கு அஹியாக்கோ சூப் குடிக்க முன்கூட்டியே அழைத்தாயிற்று. மனைவி நோரா காலையிலிருந்து கோழியோடும் மூன்று வகைக் கிழங்கோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டி முன் நின்றபோதுதான் பிராகிவேக்கு இரக்கம் சுரந்தது. தனக்குத் தானே போட்டுக்கொள்வது கேவலம், அவசியமும் இல்லை. பாவம் அந்த உபேகி. மெதெயின் ஊர்க்காரர், வகுப்பில் ஜோக் அடிப்பவர். ஒரு ஓட்டுகூட விழாமல் மனுஷன் நொறுங்கிப்போவாரே. 'உபேகி' என்று எழுதிப் போட்டார்.

எண்ணினார்கள். மற்ற ஆறு பேரும் கூச்சமே இல்லாமல் அவரவர் பெயரை எழுதியிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று. உபேகிக்கு மட்டும் இரண்டு. பிராகிவேக்கு முட்டை.

அழைத்த விருந்தை நிறுத்த முடியுமா? எல்லோரும் வந்தார்கள். உபேகி சூப்பிலிருந்த சோளக்கதிரைக் கடித்தபடி சொன்னார்: "ஒண்ணு நான் போட்டது டாக்டர், அதை மறைக்க மாட்டேன். இன்னொண்ணு யாருன்னுதான் தெரியல. நம்ம துறையில விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான்."

'அது நான்தான்' என்று பிராகிவேக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சக பேராசிரியர் வாயிலிருந்து இத்தனை வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு. அதையும் சொந்தம் கொண்டாட முடியவில்லை. சூப்போடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

நோரா அந்த முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார். விருந்தாளிகள் போனதும் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவையாவது உங்க பேரை எழுதுங்க."

"என் பேரை நானே எழுதுறதா?" பிராகிவே நிஜமாகவே அதிர்ந்துபோனார். "அது தலைக்கனம், நோரா."